முளைக்காத பல்லுக்கு ஏழு

எச்சில் துப்புவது பெரிய வித்தை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று பலகை வைத்தால் பலகையின் மேலேயே துப்பிவிட்டுப் போகிறவர்கள்தான் நாம். அதே ஆளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, விரல் நீளக் குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தக் கோடு வரைக்கும் துப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். வாய் வறண்டுபோகும். ஜன்னலைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், குழாயை மட்டும் பார்க்க மாட்டார்.

பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஐந்து வருஷமாக இந்த வேலையைப் பார்த்துவந்த அக்காவிடம் அதற்கு ஒரு மருந்து இருந்தது. மேசை டிராயரைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுப்பாள். அவசரமே இல்லாமல் இரண்டாக நறுக்குவாள். ஒரு பாதியை முகர்ந்து, நாக்கு நுனியில் லேசாகத் தொட்டு, ஒரு கண்ணை மூடித் தோளைக் குலுக்குவாள். அவ்வளவுதான், எதிரே இருப்பவருக்குத் தாடை இரண்டும் கூசி, குழாய் கோட்டைத் தாண்டி நிரம்பிவிடும். பழத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் எச்சில் கெட்டுவிடும் என்பது விதி. காட்டக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இப்படித்தான் அவளுக்கு எலுமிச்சையக்கா என்று பேர் வந்தது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது.

எச்சில் எதற்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அக்கா தனக்குப் புரிந்த அளவில் சொல்வாள். எச்சிலில் நம் உடம்பின் துணுக்குகள் மிதக்கின்றன. அதற்குள் அப்பா அம்மா கொடுத்த மரபணு இருக்கிறது. நாலே நாலு எழுத்தை வைத்து எழுதிய மகா நீளமான கடிதம் மாதிரி அதை ஓர் இயந்திரம் படித்துவிடும். ஐயாயிரம் பேருடைய கடிதங்களையும் அவர்களுடைய பல்லின் நிலவரத்தையும் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், நாள் முழுக்க இனிப்பு தின்கிறவனுக்குப் பல் வைரமாக இருப்பதும், வேளை தவறாமல் துலக்குகிறவனுக்குச் சொத்தையாவதும் ஏன் என்று தெரியவரும். கேட்டவர்களில் பாதிப் பேர், அப்படியானால் என் சொத்தைக்கு என் அப்பாதான் காரணம் என்று சந்தோஷமாக எழுந்து போவார்கள்.

பிரிவு என்று பெரிதாகச் சொன்னாலும் மொத்தம் மூன்று பேர்தான். தலைமையில் ஒரு பேராசிரியை. பல் டாக்டர், சிடுசிடுப்பானவர், நல்லவர். கணக்குப் போடும் நிரல்களை எழுதுகிற புரோகிராமர் ஒருவன். முப்பத்தைந்து வயதாகியும் அக்காவுக்குத் தம்பிதான். பழைய எக்ஸ்ரே இருட்டறையில் மட்டும்தான் ஏசி ஒழுங்காக வேலை செய்தது என்பதால் கம்ப்யூட்டர்களையும் தம்பியையும் அங்கே போட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அக்கா. காலையில் எச்சில் வாங்குவாள், மதியம் பல் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

இந்த மூன்று பேருக்கும் அந்த இருட்டறைக்கும் சோறு போட்டது ஓர் ஆராய்ச்சி நிதி. ஐந்து வருஷ நிதி, முடிய இன்னும் நான்கு மாதம். மறுபடி கேட்டுப் பேராசிரியை அறுபத்திரண்டு பக்கத்தில் விண்ணப்பம் எழுதியிருந்தார். விண்ணப்பம் எழுதுவது போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் வேறு கிடையாது. என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதை, கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, மாத வாரியாக எழுதித் தரச் சொல்வார்கள். பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

இனி அந்த ஏழு.

பல் படிவத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கட்டம். நல்ல பல்லுக்கு 0, சொத்தைக்கு 1, அடைத்த பல்லுக்கு 2, பிடுங்கிய பல்லுக்கு 3. இந்த நாலைத் தவிர வேறு எண் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அக்கா தன் மகளைக் கூட்டிவந்தாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. மேல் வரிசையில் நடுப் பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் ஆளுக்கொன்றாக நிற்குமே சின்னப் பல், அந்தப் பால்பற்கள் இரண்டும் அவளுக்குச் சீக்கிரமே விழுந்து, புதிதாக எதுவும் வரவில்லை. அப்போது பிரிவில் இருந்த ஓர் இளம் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈறுக்குள் மொட்டே இல்லை, இந்தப் பல் இவளுக்கு முளைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மதியம் மகளின் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அக்காவின் கை நின்றுவிட்டது. பல் இல்லையென்றால் 3 போட வேண்டும். 3 போட்டால் சொத்தை வந்து பிடுங்கியதாகக் கணக்கு. கண்டதைத் தின்று பல்லைக் கெடுத்துக்கொண்ட ஐயாயிரத்தில் ஒருத்தியாகத் தன் பெண் போய்விடுவாள். பிடுங்காத பல்லைப் பிடுங்கியதாக எழுத அக்காவுக்கு மனசு வரவில்லை. 4, 5, 6 எல்லாம் பிற்பாடு டாக்டர்களுக்கு எதற்காவது தேவைப்படலாம் என்று மரியாதையாக விட்டுவிட்டு, மகளின் வயதை எடுத்துப் போட்டாள். இரண்டு கட்டத்திலும் 7.

அன்றிலிருந்து பல் இல்லாத இடம் எதைப் பார்த்தாலும் அக்கா கேட்பாள்: பிடுங்கியதா, முளைக்கவே இல்லையா? முளைக்கவில்லை என்றால் ஏழு. அந்த டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னாள். அவர் நல்ல யோசனை என்று தலையாட்டினார். அக்கா ஒரு காகிதத்தில் ‘7 = முளைக்காதது’ என்று எழுதி, குழாய்கள் வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். மூன்றாம் மாதம் அந்த டாக்டரம்மா வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அலமாரியை அக்காவைத் தவிர யாரும் திறந்ததில்லை.

வீட்டில் நிலவரம் வேறு. அக்காவின் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா, ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே தெளிவாகச் சொல்லும் குரல் அது. பேசுகிற வாயை யாரும் பார்த்ததில்லை. நேரில் சிரித்தாலும் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அக்கா மகளின் வாயைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடாமல் போக மாட்டார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பால் குடித்திருக்க வேண்டும், வேலை வேலை என்று ஓடினால் இப்படித்தான், எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தக் குறை கிடையாது. இதையேதான் சொல்வார், மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வருகிறது என்பது போல, ஒரு வார்த்தை மாறாமல்.

அந்தப் பெண்ணுக்குப் பல்லிடுக்கில் விசில் அடிக்க வரும். வீடு அதிரும்படி அடிப்பாள். நாத்தனாரின் பெருமூச்சுகள் ஏற ஏற அவள் விசில் அடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் போட்டோவில் உதட்டை ஒட்டிக்கொண்டு நின்றாள். பத்து வயதில் அத்தையைப் போலவே கையால் மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும்.

அவள் ஏன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்க முடியாது. ஏனென்றால் ஐயாயிரம் பேரைச் சேர்க்கத் திண்டாடிய காலத்தில் அக்கா தன் புகுந்த வீட்டையே திரட்டிக் கூட்டிவந்து துப்பவைத்திருந்தாள். நாத்தனாரும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு இரண்டு பல் வைத்த ஒரு சின்னத் தகட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். மேல் வரிசை, நடுப் பற்களுக்கு இரண்டு பக்கமும் காலி. பிடுங்கியதா, முளைக்கவே இல்லையா என்று அக்கா எல்லோரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டாள். முளைக்கவில்லை, செத்தாலும் யாரிடமும் சொல்லாதே என்றார் நாத்தனார்.

சொல்லவும் கூடாது. வேலையில் சேரும்போது அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி அது: எந்த எண் யாருடையது, யார் வாயில் என்ன இருந்தது என்று உள்ளேயும் வெளியேயும் மூச்சு விடக் கூடாது. அடுத்த ஞாயிறு அதே நாத்தனார் அதே பெருமூச்சை விட்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது என்று அறிவித்தபோது அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். இப்படி ஐந்து வருஷம். திட்டத்தில் சேரும்போது கொடுத்த சம்மதத் தாளில், முடிவு தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு நாத்தனார் ‘ஆம்’ கட்டத்தில் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டிருந்ததை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். நாத்தனாருக்கும் தெரிந்துகொள்ளத்தான் ஆசை, பயம்தான் விடவில்லை. திட்டம் ஒரு முடிவுக்கு வந்தால் அந்த டிக்குக்கு ஒரு பதில் போகும். தன் பெண்ணுக்கும் போகும். அதற்காகவே அக்கா அந்த நிதிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பதில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பேராசிரியை கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு மேசையில் போட்டார். விண்ணப்பத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், ஐயாயிரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய விவரம் பிழை என்று உங்கள் கம்ப்யூட்டரே ஒதுக்கி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட விவரத்தை நம்பி எப்படி நிதி தருவது? பதினைந்து நாளில் நிபுணர் குழு நேரில் வரும், விளக்கம் சொல்லத் தயாராக இருக்கவும். அவ்வளவுதான் கடிதம்.

பிழைக் கோப்பை மொத்தமாக அழித்துவிடுவது ஒன்றுதான் வழி என்று தம்பி முடிவு செய்தான். அழிப்பதற்கு முன்னால் அக்காவிடம் வந்து, பாவம் மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று நெளிந்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க விரல் அடிக்கடி ஏழுல பட்டுடுது. அந்த முந்நூறு பேரையும் தூக்கிடப் போறேன்."

"விரல் படலியே தம்பி. நாந்தானே போட்டேன்."

தம்பி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அக்கா எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். ஐந்து வருஷப் பழுப்பில், மூலைகள் சுருண்டு, காகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஐந்து வருஷத்தில் தம்பி அவளுக்கு இரண்டு முறை கீபோர்டு மாற்றியிருந்தான். ஏழாம் நம்பர் பட்டன் சிக்கிக்கொள்கிறது என்று முதல் வருஷம் ஒன்று, போன வருஷம் ஒன்று. இரண்டும் தன் உழைப்பைப் பாராட்டிக் கொடுத்த பரிசு என்று அக்கா வீட்டில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். பழையதை மகளுக்குக்கூடக் கொடுக்காமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். இப்போது இருவரும் அலமாரிக்கு முன்னால் நின்று அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். தம்பிக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் காலை தம்பி நிரலில் நாலு வரி மாற்றினான். ஏழு பிழை அல்ல, ஏழு ஒரு தகவல் என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னான். பிழைக் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் எழுப்பி உள்ளே கொண்டுவந்தான். பல் முளைத்தவர்களின் கடிதங்களையும் முளைக்காதவர்களின் கடிதங்களையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் எழுத்து வேறுபடுகிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டு இருட்டறைக் கதவைச் சாத்தினான். கம்ப்யூட்டர்கள் மூன்று நாள் இரைந்தன.

சனிக்கிழமை மத்தியானம் ஒப்பிட்ட முடிவு ஒரு புள்ளிப் படமாக வந்தது. ஐந்து வருஷமாகச் சொத்தைக்கு அவர்கள் போட்ட படங்களில் எல்லாம் புள்ளிகள் புல்தரை மாதிரி ஒரே உயரத்தில் கிடக்கும், எதுவும் தலை தூக்காது. இதில் ஓரிடத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கம்பம் போல நின்றன. முளைக்காதவர்களின் கடிதத்தில் எழுத்து மாறுகிற இடம் அதுதான். பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி துடைத்தார். பிறகு தானே போய் மூன்று டீ வாங்கிவந்தார். அவர் கையால் டீ வாங்கியது அந்தப் பிரிவின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிலும் நாற்பத்தொன்றாம் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது, பதினோரு பேரில் ஆறு பேருக்கு ஏழு, ஆறு பேருக்கும் அதே இடத்தில் அதே எழுத்து மாறியிருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அப்படியே இறங்கி வருகிறது, தங்கம் அக்கா தங்கம், அவர்கள் யார் என்று தெரிந்தால் காலில் விழுவேன் என்று குதித்தான். நாற்பத்தொன்றாம் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா டீயைக் குடித்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருந்தாள்.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் கணிதப் பேராசிரியர், வயதானவர், எதையும் இலேசில் நம்பாதவர். கூட்ட அறையில் பேராசிரியை படத்தைக் காட்டி விளக்கினார். முளைக்காத பல்லைத் தனியாகக் குறிப்பது எங்கள் ஆய்வு முறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. இதை யோசித்தது படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற எங்கள் பதிவாளர், எங்களுக்கே பத்து நாளைக்கு முன்னால்தான் தெரியும் என்று உள்ளதைச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். சிடுசிடுப்பானவர், நல்லவர் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அக்கா கையில் எலுமிச்சை வாசனையோடு வந்து நின்றாள். யாரைக் கேட்டு ஏழு போட்டீர்கள், பிடுங்கியதா முளைக்காததா என்று வெறும் கண்ணால் பார்த்தால் எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார்.

"கேட்டாத் தெரியும் ஐயா. பிடுங்கின பல்ல யாரும் மறக்க மாட்டாங்க. எப்போ பிடுங்கினது, யாரு கையப் பிடிச்சுக்கிட்டாங்க, எத்தனை நாள் வலிச்சுது, எல்லாம் சொல்லுவாங்க. முளைக்காத பல்லுக்கு அப்படி ஒண்ணுமே இருக்காது. தெரியலன்னு சொல்லிட்டு வாய மூடிக்குவாங்க."

நல்ல பேச்சு, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் தலைவர். திட்டத்தில் சேர்ந்த எல்லோருக்கும் முழு வாய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். சொத்தையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்த படங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருபது எண்களை அவரே கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துத் தேர்ந்தெடுத்தார். இருபது படத்தையும் கொண்டுவந்து விளக்குப் பலகையில் வரிசையாக மாட்டினார்கள். நிதி, தம்பியின் வேலை, தன் வேலை, மகளுக்குப் போக வேண்டிய பதில் எல்லாம் அந்தப் பலகையில் தொங்கின.

முதல் படம் சரி. இரண்டாவது சரி. பன்னிரண்டு வரை சரி. தலைவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பத்தொன்பதும் சரி. இருபதாவது படத்தில் பேராசிரியை குனிந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, உதட்டைக் கடித்தார். இடது பக்கம் முளைக்கவே இல்லை, அது சரி. வலது பக்கம் எலும்புக்குள் உடைந்த வேர்த்துண்டு ஒன்று கிடந்தது. அங்கே ஒரு பல் முளைத்து, வாழ்ந்து, அடிபட்டுப் போயிருக்கிறது.

"இந்த ஒருத்தரை மட்டும் எப்படித் தப்பாப் போட்டீங்க?" என்றார் தலைவர்.

அக்கா எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தொன்று, கோடு, இரண்டு. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அவர்கிட்ட மட்டும் நான் கேக்கல ஐயா."

"எல்லார்கிட்டயும் கேட்டீங்க. இவர்கிட்ட ஏன் கேக்கல?"

"சின்ன வயசுல சுவத்துலேருந்து விழுந்து போச்சுன்னு அவரா சொன்னாரு. சமாளிக்கிறாருன்னு நினைச்சேன். நான் நம்பல."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரரா?"

"யாருன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

முதலில் சிரித்தது தலைவர்தான். மேசையில் கையைத் தட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்கும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் மற்ற இருவர், அப்புறம் தம்பி. பேராசிரியைகூட படத்தைக் கழற்றுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனுஷன் பாதி நிஜம் சொல்லியிருக்கிறார், பதினாலு வருஷமாக நாம் முழுப் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்ற யோசனையில் இருந்தாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அன்று சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவரை அக்கா பையை வாங்கி வைத்து, காற்றாடியைத் திருப்பிவிட்டு, பிடித்த பதார்த்தமாகச் செய்து போட்டாள். நீங்க எது சொன்னாலும் இனிமே நான் நம்புவேன் என்றாள். மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவே பயந்தார். என்ன செலவு வைக்கப்போகிறாய் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவால் காரணம் சொல்ல முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பேராசிரியை நின்றுகொண்டே படித்தார். இன்னும் ஐந்து வருஷத்துக்கு நிதி. முளைக்காத பல்லின் மரபணுவைப் பற்றித் தனிப் பகுதி. இருபது எக்ஸ்ரேயோடு நிற்காமல் முந்நூற்றுப் பன்னிரண்டையும் சரிபார்க்க வேண்டும். கடைசியில் தலைவர் கையால் எழுதிய ஒரு வரி: ஏழு என்ற எண்ணை மாற்ற வேண்டாம். தம்பி வெளியே ஓடிப்போய் மூன்றாவதாக ஒரு கீபோர்டு வாங்கிவந்தான். ஏழாம் பட்டனைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். இது நிஜமாகவே பரிசு.

அதற்கு அடுத்த மாதம், முடிவு தெரிய வேண்டும் என்று டிக் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பினார்கள். பேராசிரியையின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனித்தனியாகச் சொல்வது வழக்கம். நாற்பத்தொன்றாம் குடும்பத்தின் முறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் போய்விட்டு, நான் சுவரிலிருந்து விழுந்தது நிஜம்தான் என்று எக்ஸ்ரேயிலேயே இருக்கிறதாம் என்று வெற்றியோடு வெளியே வந்தார். மகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது, உதட்டில் விரல். கடைசியாக நாத்தனார் உள்ளே போனார். அக்கா எதிர் அறையில் ஒரு தபால்காரரை எச்சில் துப்பவைக்க எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கின பழம் நறுக்கினபடி இருந்தது, காது மட்டும் கதவில் இருந்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தது. நாத்தனாரின் செருப்புச் சத்தம் பெஞ்சு வரை வந்து நின்றது. பிறகு அந்தக் குரல், நிலையத்தில் ஒலிப்பதைவிட மெல்லிய, ஆனால் அதே தெளிவான குரல்:

"உனக்குப் பல் வராதது உங்கம்மாவால இல்லடி. எங்க வழியில வந்தது. இங்க பாரு."

ஏதோ கழற்றுகிற சின்னச் சத்தம். அப்புறம் பெண் கேட்டாள், விசில் வருமா அத்தை என்று.

நாத்தனார் முயன்றார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பெண் உதட்டை எப்படிக் குவிப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது தடவை வராந்தா முழுக்க அதிர்ந்தது. ரயில் நிலையத்தில் கார்டு ஊதுகிற எந்த விசிலும் அவ்வளவு நீளமாக ஒலித்திருக்காது. வருஷக்கணக்காக அடிக்காத விசிலை மகளும் சேர்த்து அடித்தாள். இருட்டறையிலிருந்து தம்பி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எலுமிச்சை என்று தபால்காரர் நினைத்துக்கொண்டார். பாவம், அவர் குழாய் எப்போதோ நிரம்பியிருந்தது.

நாத்தனார் வாசலில் வந்து நின்றார். தகடு கையில் இருந்தது, வாயில் இல்லை. வாயைக் கையால் மூடவும் இல்லை.

"உனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். நான் அவ்வளவு பேசியும் நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. ஏன்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயை மூடினாள்.

"யாருன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல அண்ணி."

நாத்தனார் சிரித்தார். வாய் முழுக்கத் திறந்து, பல் இல்லாத இரண்டு இடமும் நன்றாகத் தெரிய, பக்கத்திலிருந்த பெண்ணும் அதே மாதிரி சிரிக்க, சிரித்தார்.